உருகியும் ஓடாத கலவை: எங்கே தவறுகிறோம்?

ஹட்டன் பக்கத்து லயன் வீடுகளில் ரொட்டிக்கு மா பிசைவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம்தான். தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் போதும், தட்டும்போதே விளிம்பு வெடித்துவிடும். உலோகத் தூளையோ செரமிக் தூளையோ மெழுகு, பொலிப்புரொப்பிலீன் போன்ற பிணைப்பானில் (தூளை ஒட்டிப் பிடித்திருந்து, பிற்பாடு நீக்கப்படும் பொருள்) கலந்து, உருக்கி அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் இன்ஜெக்ஷன் மோல்டிங் செய்வதும் அப்படித்தான். பேராதனையில் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளையும், பியகம, கட்டுநாயக்க என்று மோல்டிங் வேலைக்கு இறங்கிப் போகும் தம்பி தங்கச்சிமாரையும் நினைத்து இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தூளின் அளவை எடையில் மட்டும் பார்ப்பது. ஓட்டத்தைத் தீர்மானிப்பது கனவளவு. துருப்பிடிக்காத உருக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.9 கிராம், பிணைப்பானுடையது 0.95 கிராம் என்று வையுங்கள். கனவளவில் 60 சதவீதம் தூள் என்றால் எடையில் அது 92.6 சதவீதம். எடையை 93.6 ஆக்கிப் பாருங்கள். ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். கனவளவிலோ அது 64-ஐ நெருங்கிவிடும். ஒரே அளவான உருண்டைகளை ஒழுங்கில்லாமல் குலுக்கி நெருக்கினாலும் 64 சதவீதத்துக்கு மேல் அடங்காது. அந்த எல்லைக்குப் பக்கத்தில் பிசுக்குமை (ஓட மறுக்கும் தன்மை) மெல்ல ஏறாது, செங்குத்தாக ஏறும். துணிக்கைகள் ஒன்றோடொன்று உரசி நிற்கும், இடையில் வழுக்கிவிடப் பிணைப்பான் மிஞ்சாது. பெரிதும் சிறிதுமான துணிக்கைகள் கலந்த தூளுக்கு எல்லை சற்று உயரும் என்பதால், எந்தத் தூளுக்கும் அதன் எல்லையைத் தனியாகப் பரிசோதித்துத்தான் அறிய வேண்டும்.

அடுத்தது, உருகிய கலவை எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று காட்டும் மெல்ட் ஃப்ளோ இன்டெக்ஸ் எண்ணை மட்டும் நம்புவது. அந்தச் சோதனையில் கலவை மெதுவாகத்தான் நகரும். அச்சின் வாயிலிலோ சறுக்கு வேகம் (ஷியர் ரேட், அதாவது கலவையின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும் வீதம்) விநாடிக்குப் பல ஆயிரத்தைத் தொடும். இந்தக் கலவைகள் வேகத்தில் இளகுபவை. ஆனால் எல்லாம் ஒரே அளவு இளகுவதில்லை. கலவையை மெல்லிய துளை வழியே தள்ளி ஓட்டத்தை அளக்கும் கேப்பிலரி ரியோமீட்டரில் பாருங்கள். அதிலும் ஒரே விட்டமுள்ள துளையோடு நிறுத்திவிடாதீர்கள். பிணைப்பான் சுவரோரம் மெல்லிய படலமாகச் சேர்ந்து கலவையை வழுக்கிவிடும். அதை நல்ல ஓட்டம் என்று நினைத்து ஏமாறுவோம். இரண்டு மூன்று விட்டங்களில் அளந்தால் குட்டு வெளிப்படும்.

அச்சு நிறையவில்லையா, உடனே மெஷினில் கலவை உருகும் பீப்பாயின் சூட்டைக் கூட்டுகிறார்கள். மெழுகு ஆவியாகும், பிணைப்பான் தண்ணீர் மாதிரியாகித் தூளை விட்டுப் பிரியும். வெளியே வரும் பாகம் பார்க்க நன்றாகவே இருக்கும், பிணைப்பானை நீக்கும்போதுதான் வெடிக்கும். பல நேரம் குறை அச்சின் குளிரில் இருக்கும். நுவரெலியாவில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலிலேயே உறைந்து நிற்பது நமக்குத் தெரியும். உலோகத் தூள் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால், இந்தக் கலவை வெறும் பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் இறுகும். முதலில் அச்சைச் சூடாக்குங்கள், அப்புறம் வேகத்தைக் கவனியுங்கள். வேகம் அளவு மீறினால் கலவை கயிறு போலப் பீய்ச்சி மடிந்து, மடிப்பு அப்படியே தங்கிவிடும்.

கலக்கும்போது தூளை ஒரே தடவையில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கலக்கும் மெஷினின் முறுக்குவிசை ஒரே அளவில் நிலைக்கும்வரை நிறுத்த வேண்டாம். ஸ்டீயரிக் அமிலம் சிறிதளவு சேர்த்தால் தூளின் மேற்பரப்பில் பிணைப்பான் நன்றாகப் பிடிக்கும். பனிமூட்டமும் ஈரமும் உள்ள நம் ஊர்களில் தூளை உலர்த்தாமல் தொடவே கூடாது.

மீந்த துண்டுகளை அரைத்துத் திரும்பப் போடுவதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு முறை உருகும்போதும் கொஞ்சம் மெழுகு போய்விடும், தூளின் பங்கு நமக்குத் தெரியாமலே ஏறும். ஆகவே அரைத்ததன் அடர்த்தியை அளந்து பார்த்துவிட்டே மெஷினில் போடுங்கள்.