பேஸ்மென்ற் ஈரம்: தண்ணீர் வரும் வழியைப் பாராமல் செய்யும் தவறுகள்

கனடாவின் ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கத்து வீடுகள் பலவற்றில் பேஸ்மென்றில், அதாவது நிலத்துக்குக் கீழுள்ள தளத்தில், ஒரு குடும்பமே வாடகைக்கு இருக்கிறது. அங்கே ஓதம் பிடித்தால் பிள்ளைகள் மூச்சு விடும் காற்றும் கெடுகிறது. அதனால்தான் இந்த விஷயத்தில் மேல்பூச்சு வேலைகளைப் பார்க்கும்போது எனக்குக் கவலை வருகிறது.

ஈரத் திட்டு தெரிந்ததும் பலர் செய்வது, தண்ணீர் புகாத பெயின்ற் என்று விற்பதை வாங்கி உட்பக்கம் பூசுவது. மண்ணில் ஊறிய தண்ணீர் வெளியிலிருந்து தள்ளும்போது அந்தப் பூச்சு நெடுநாள் தாங்காது. கொப்புளம் போட்டு உரிந்துவிடும். சில சுவர்களில் வெள்ளைத் தூள் பூக்கும். அதைப் பூஞ்சணம் என்று பயப்பட வேண்டாம். சீமெந்திலுள்ள உப்புத்தான் அது. ஆனால் தண்ணீர் சுவருக்குள்ளால் வருகிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஆகவே முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள். ஒரு முழச் சதுரத்தில் பொலித்தீன் துண்டை எடுத்து, காய்ந்த சுவர்ப் பகுதியில் நான்கு பக்கமும் ரேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நீர்த்துளி பிடித்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் மண்ணிலிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைவதும் உண்டு. செலவு ஒன்றுமில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரிடமும் விலை கேட்கப் போகாதீர்கள்.

காற்று ஈரத்தில் பெரிய தவறு, கோடையில் நடப்பது. மக்கிய வாடை போகட்டும் என்று யூலை மாதத்தில் யன்னலைத் திறந்து விடுகிறார்கள். வெளியே 28 பாகை வெப்பமும் 70 வீத ஈரப்பதமும் என்றால், அந்தக் காற்று ஏறக்குறைய 22 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதில் நீர் படியும். நிலத்துக்குள் இருக்கும் கொங்கிறீட் கோடையிலும் பெரும்பாலும் அதைவிடக் குளிர். வாடையைப் போக்கத் திறந்த யன்னலே தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அப்படியான நாட்களில் யன்னலைச் சாத்தி, காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிபையரை ஓடவிடுங்கள். கோடையில் 50 வீதம், குளிர்காலத்தில் 30 வீதம் அளவில் ஈரப்பதம் இருக்கட்டும் என்பது கனடா சுகாதாரத் துறையின் ஆலோசனை. அதை அளக்கும் சிறு கருவியை ஹார்ட்வெயார் கடையில் வாங்கலாம்.

மண்ணிலிருந்து வருகிறது என்றால், அத்திவாரத்தைத் தோண்ட ஆளைக் கூப்பிடுமுன் கூரையைப் பாருங்கள். இதுதான் ஆகப் பெரிய விஷயம். 100 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2,500 லீற்றர் தண்ணீர். கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலி இலை அடைத்து வழிந்தாலோ, பீலியின் குழாய் அத்திவாரத்தின் காலடியிலேயே முடிந்தாலோ, அதில் பெரும்பகுதி உங்கள் சுவரோரம் இறங்கும். குழாயை இரண்டு மீற்றராவது தள்ளி நீட்டுங்கள். மண் வீட்டை விட்டு வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும்: மூன்று மீற்றருக்கு 15 சென்ரிமீற்றராவது இறக்கம். சுவரோரம் பூங்கன்று நட்டுத் தினமும் தண்ணீர் விடுவதும் இதே சேதத்தைத்தான் செய்யும். சில நூறு டொலரில் முடியக்கூடிய இந்த வேலைகளைச் செய்து, இரண்டு மூன்று பெரிய மழை பார்த்த பிறகும் கசிந்தால், அப்போது தோண்டுவதைப் பற்றிப் பேசலாம்.

காயாத சுவருக்கு மேல் ட்ரைவோல் (ஜிப்சம் பலகை) அடித்து, கொங்கிறீட்டின் மேலேயே காப்பெற் விரிப்பது இன்னொரு தவறு. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவராது. தெரியும்போது எல்லாவற்றையும் பிய்க்க வேண்டியிருக்கும்.

பூஞ்சணத்துக்கு ப்ளீச் தேவையில்லை. ஒரு சதுர மீற்றருக்குள் அடங்கும் சிறு திட்டு என்றால், முகமூடியும் கையுறையும் போட்டு, பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து உடனே காயவிடுங்கள். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும். ஆகவே அதை அகற்ற வேண்டும், நிறத்தை வெளுக்கச் செய்வதால் பயனில்லை.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகைக்கு இருப்பவர் பூஞ்சணம் என்று சொன்னால், "நீங்கள் புட்டும் இடியப்பமும் அவிப்பதால்தான்" என்று முடித்துவிடாதீர்கள். சமையல் ஆவியும் உள்ளே காயப்போடும் உடுப்பும் ஈரத்தைக் கூட்டும், உண்மைதான். ஆனால் அந்த ஆவியை வெளியே இழுக்க ஃபான் இருக்கிறதா, உடுப்பு உலர்த்தும் மெசினின் குழாய் வீட்டுக்கு வெளியே போகிறதா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள். பொலித்தீன் சோதனையை அவருக்கு முன்னாலேயே செய்யுங்கள். வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக, பெருமழை. 2013 யூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் பெய்தது, மின்சாரமும் போனது. தரைக்கடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்புக்குப் பற்றரி இல்லையென்றால் அது மிகத் தேவையான நேரத்திலேயே நின்றுவிடும். கழிவு நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வுக்கும் சம்ப் பம்புக்கும் ரொறன்ரோ நகராட்சி மானியம் தருகிறது. வேலை தொடங்குமுன் நிபந்தனைகளைப் படியுங்கள். கழிவு நீர் திரும்பி வருவதால் ஏற்படும் சேதம் சாதாரண வீட்டுக் காப்புறுதியில் பெரும்பாலும் அடங்காது, தனியாகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் புகுந்துவிட்டால் மின்சாரத்தை நிறுத்தும்வரை கீழே இறங்காதீர்கள். பிறகு படம் எடுத்துவிட்டு, 48 மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் காயவையுங்கள்.