பாவு காயவில்லையா? ஸ்டீமைக் கூட்டும் முன் சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீரைப் பாருங்கள்

நெசவுக்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, ஸ்டீம் நிரப்பிய உருளைகளில் (சிலிண்டர்களில்) காய வைக்கும் சைசிங் மெஷினில் பாவு ஈரத்தோடு வந்தால் ஆபரேட்டரின் கை முதலில் போவது ஸ்டீம் வால்வுக்குத்தான். 2 கிலோ பிரஷரில் (சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ) ஓடிக்கொண்டிருந்ததை இரண்டரை ஆக்குவார். கொஞ்சம் காயும். ஒரு மாதம் கழித்து மறுபடி ஈரம் தட்டும், அப்புறம் 3 கிலோ. நான் வேலை பழகிய காலத்தில் பள்ளிபாளையம் பக்கம் ஒரு சைசிங்கில் இப்படித்தான் ஏறிக்கொண்டே போனது. விறகுச் செலவு தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினை ஆறவிட்டு, மூன்றாவது சிலிண்டரின் மேன்ஹோலை மேலே வரும்படி சுற்றி நிறுத்தி, மூடியைக் கழற்றினோம். உள்ளே ஒரு கம்பியை விட்டு எடுத்தால் ஒரு சாண் நனைந்து வந்தது.

ஒரு சாண்தானே என்று நினைக்க வேண்டாம். 800 மில்லிமீட்டர் விட்டமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள சிலிண்டரில் ஒரு சாண் ஆழம் என்றால் ஏறக்குறைய 200 லிட்டர். அத்தனை தண்ணீரையும் மோட்டார் சுமந்து சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டிய சைபன் குழாயின் நுனி முறிந்து அடியில் கிடந்தது.

சைசிங்கிலோ, துணி காய வைக்கும் ரேஞ்சிலோ புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது மெஷின் வாங்காமல், இருக்கிற சிலிண்டரிலேயே நன்றாகக் காய வைக்கும் வழி இது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஸ்டீம் சிலிண்டரின் உட்சுவரில் பட்டுத் தண்ணீராக மாறும்போதுதான் வெப்பத்தைக் கொடுக்கிறது. 2 கிலோ பிரஷரில் ஒரு கிலோ ஸ்டீம் தண்ணீரானால் சுமார் 2,165 கிலோஜூல் கிடைக்கும். 3 கிலோவில் இது 2,135 ஆகக் குறைந்துவிடும். ஸ்டீமின் சூடோ 133 டிகிரியிலிருந்து 143 டிகிரிக்கு, வெறும் 10 டிகிரிதான் ஏறும். ஒரு கிலோ பிரஷரைக் கூட்டி நாம் வாங்குவது அந்தப் பத்து டிகிரியை மட்டுமே.

இப்போது தடையைப் பாருங்கள். வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீரைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுமார் 25 மடங்கு மேல். சுவரில் அசையாமல் ஒட்டி நிற்கும் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர், 25 மில்லிமீட்டர் ஸ்டீல் தகடு போலத் தடுக்கும். சிலிண்டர் தகடே சில மில்லிமீட்டர் கனம்தான். காற்று இன்னும் மோசம். ஸ்டீலைவிட 600 மடங்கு தடுக்கும். அதனால் வேலையின் வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், அடுத்து காற்று, மற்றதெல்லாம் பிறகு.

தொடங்கும் முன்

சிலிண்டர் ஒரு பிரஷர் கலன். பெயர்த்தகட்டில் எத்தனை கிலோ என்று அடித்திருக்கிறதோ அதைத் தாண்டக் கூடாது. சேஃப்டி வால்வைத் தொட்டு மாற்றக் கூடாது. எதைக் கழற்றுவதானாலும் மெயின் வால்வை மூடிப் பூட்டுப் போட்டு, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகும் டிரெயினைத் திறந்து பார்த்து, கை வைக்கும் அளவுக்கு ஆறியபின் தொடுங்கள். கேஜ் முள் ஒட்டிக்கொண்டு பூஜ்யம் காட்டுவது உண்டு. வெல்டிங் வேலையும் ஹைட்ராலிக் டெஸ்டும் அதற்குத் தகுதி உள்ளவர் செய்ய வேண்டியவை.

படி 1: சிலிண்டர்களின் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டில் சிலிண்டர்களை வரிசையாக வரைந்து 1, 2, 3 என்று எண் போடுங்கள். மெஷின் வழக்கமான வேகத்தில் அரை மணி நேரம் ஓடியபின், ஒவ்வொன்றிலும் இடது, நடு, வலது என மூன்று இடங்களில் சூட்டை அளந்து எழுதுங்கள்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் ஸ்டீலுக்கு நேராகப் பிடித்தால் பொய்தான் சொல்லும். 125 டிகிரியில் இருக்கும் சிலிண்டரை 70 என்று காட்டிவிடும், ஏனென்றால் அது எதிரே இருக்கும் சுவரின் பிரதிபலிப்பையும் சேர்த்து அளக்கிறது. பாவு படாத ஓரத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்டை ஒரு பட்டையாக அடித்து அங்கே அளக்கலாம். அங்கே கிடைப்பது ஓரத்துச் சூடு மட்டும்தான். நடுப்பகுதிக்கு மேற்பரப்பைத் தொட்டு அளக்கும் பைரோமீட்டரே சரி. ஓடும் சிலிண்டரில் அளக்கும்போது சிலிண்டரும் பாவும் சேரும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

முதல் சிலிண்டர்களில் நூல் சொட்டச் சொட்ட வரும், ஆகவே அங்கே சூடு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஒரே ஸ்டீம் லைனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர்களுக்குள் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், சூடு குறைந்ததைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். உங்கள் வேலை தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

படி 2: தண்ணீரை வெளியேற்றுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

சைசிங் ஓடும் வேகத்தில் தண்ணீர் சிலிண்டரின் சுவரோடு ஒட்டிச் சுற்றாது. அடியில் குளமாகத் தேங்கி நிற்கும். அதை வெளியே எடுக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. பழைய சிலிண்டர்களில் உள்ளே ஒரு வாளி வெல்டு செய்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது தண்ணீரை மொண்டு, நடு அச்சுக் குழாய் வழியே ஊற்றும். மற்றது சைபன். அச்சின் வழியே உள்ளே நுழைந்து, கீழ்நோக்கி வளைந்து, சுவருக்குச் சில மில்லிமீட்டர் மேலே நிற்கும் குழாய். உள்ளே இருக்கும் பிரஷர் தண்ணீரை அந்தக் குழாய்க்குள் தள்ளி வெளியேற்றும்.

காது கொடுத்துக் கேளுங்கள். மெஷினை மெதுவான வேகத்தில் விட்டு, சிலிண்டர் பக்கத்தில் நின்றால், தண்ணீர் தேங்கிய சிலிண்டரில் களக் களக் என்று பாதி நிறைந்த குடத்தைச் சுமந்து நடக்கும்போது வருகிற சத்தம் வரும். மோட்டாரின் ஆம்பியர் முள்ளும் ஒரே இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கும். இரண்டும் சேர்ந்து இருந்தால் உள்ளே தண்ணீர் இருப்பது ஏறக்குறைய உறுதி.

அடுத்தது ட்ராப், அதாவது ஸ்டீமைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் வெளியே விடும் வால்வு. ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ட்ராப் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். ஓயாமல் சீறினால் ஸ்டீம் வீணாகப் போகிறது. சத்தமே இல்லாமல் ட்ராப்பும் ஆறிக் கிடந்தால் அடைப்பு. ட்ராப்புக்கு முன்னால் உள்ள ஸ்ட்ரெயினரை (வடிகட்டியை)க் கழற்றிக் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். துருவும் செதிலும் ஒரு கை நிறைய வரும்.

ட்ராப் நன்றாக இருந்தும் தண்ணீர் வராத ஒரு நிலை உண்டு. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். சைபன் குழாய் சூடான ஸ்டீமுக்கு நடுவில் நிற்கிறது. குழாய்க்குள் தண்ணீருக்குப் பதில் ஸ்டீம் புகுந்துவிட்டால், சுற்றிலும் சூடு இருப்பதால் அது சீக்கிரம் குளிராது. ட்ராப்போ ஸ்டீமைக் கண்டதும் மூடிக்கொள்ளும். நடுவில் ஸ்டீம் வழியை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். இதற்குத்தான் ஸ்டீம் லாக் ரிலீஸ் என்ற சின்ன ஊசி வால்வு வைத்த பால் ஃப்ளோட் ட்ராப் வேண்டும். அந்த வால்வு, சிக்கிய ஸ்டீமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டுத் தண்ணீருக்கு வழி கொடுக்கும். முழுதும் மூடிவிட்டுக் கால் சுற்று திறந்தால் பெரும்பாலும் போதும். ட்ராப்போடு வந்த குறிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைவு என்று இந்த இடத்தில் டிஸ்க் ட்ராப் போடுவது எனக்கு ஒப்பில்லை.

மூன்று சிலிண்டருக்கு ஒரே ட்ராப் போட்டிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். ஈரம் அதிகமுள்ள முதல் சிலிண்டர் நிறைய ஸ்டீமைக் குடிக்கும், அதனால் அங்கே பிரஷர் சற்று இறங்கும். மற்ற இரண்டிலிருந்து வரும் ஸ்டீம் பொது லைனை நிரப்பி, முதல் சிலிண்டரின் தண்ணீரை வெளியே வரவிடாது. அதிகமாக உழைக்கும் சிலிண்டர்தான் முதலில் மூழ்கும். ஒரு சிலிண்டருக்கு ஒரு ட்ராப் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ட்ராப்பிலிருந்து போகும் லைன் மேலே ஏறுகிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் 10 மீட்டர் ஏற ஒரு கிலோ பிரஷர் வேண்டும். கண்டென்சேட் (ஸ்டீம் ஆறி வந்த தண்ணீர்) போகும் லைனைக் கூரையோரமாக 4 மீட்டர் உயரத்தில் கொண்டுபோயிருந்தால் 0.4 கிலோ அதற்கே போய்விடும். ஒரு கிலோவில் ஓடும் சிலிண்டருக்கு அது பெரிய சுமை. ட்ராப்பின் பைபாஸ் வால்வு, என்றோ அவசரத்துக்குத் திறந்தது அப்படியே இருக்கிறதா என்பதையும் தொட்டுப் பாருங்கள்.

சுற்றும் சிலிண்டரையும் நிலையான ஸ்டீம் குழாயையும் இணைக்கும் ரோட்டரி ஜாயின்டில் கசிவு இருந்தால் உள்ளே இருக்கும் கார்பன் ரிங் தேய்ந்திருக்கும். மாற்றும்போது ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ் இழுபடாமல் தொய்வாக இருக்கட்டும். விறைப்பாக இழுத்தால் புது ரிங்கும் ஒரு பக்கமாகத் தேயும். ஜாயின்டில் வலது மரை, இடது மரை என்று இரண்டு உண்டு. சிலிண்டர் சுற்றும் திசைக்குத் தப்பானதைப் போட்டால் ஓட ஓடத் தானாகக் கழன்றுவிடும்.

படி 3: காற்றுக்கு வழி விடுங்கள்

மெஷின் நின்று ஆறும்போது சிலிண்டருக்குள் காற்று புகும். காலையில் ஸ்டீம் திறந்ததும் அது வெளியேறாமல் உள்ளேயே சிக்கும். கேஜ் 2 கிலோ காட்டினாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கு காற்றாக இருந்தால் உள்ளே சூடு 133 இல்லை, சுமார் 126 டிகிரிதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆட்டோமேட்டிக் ஏர் வென்ட் இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காலையில் சிலிண்டரை மெதுவாகச் சுற்றவிட்டுக்கொண்டே ஸ்டீமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். நிற்கும் சிலிண்டரில் சட்டென்று திறந்தால் மேல்பக்கம் சூடேறி, கீழே தண்ணீர் நிற்கும் பக்கம் குளிர்ந்தே கிடக்கும். தகட்டுக்கு அது நல்லதல்ல.

இதோடு சேர்ந்தது வேக்கம் பிரேக்கர், உள்ளே வெற்றிடம் உண்டானால் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு. மூடிய சிலிண்டரில் ஸ்டீம் ஆறித் தண்ணீரானால் அதன் கன அளவு ஏறக்குறைய 1,600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். உள்ளே வெற்றிடம். வெளிக்காற்று நாம் மேலே சொன்ன அளவுள்ள சிலிண்டரைச் சுற்றிலும் அழுத்தும் மொத்த விசை 45 டன்னுக்கு மேல். உள்ளிருந்து வரும் பிரஷரைத் தாங்குவதற்குச் செய்த மெல்லிய தகடு இதைத் தாங்காது. காலி பிளாஸ்டிக் பாட்டில் போல ஒடுங்கிவிடும். ஒடுங்கிய சிலிண்டரை நிமிர்த்த முடியாது. வேக்கம் பிரேக்கரை மாதம் ஒருமுறை கழற்றி, பந்தோ தட்டோ தடையில்லாமல் அசைகிறதா என்று பாருங்கள்.

படி 4: ஸ்டீமுக்கு வரும் முன்பே பிழியுங்கள்

ஸ்டீம் கொண்டு ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க நடைமுறையில் ஒரு கிலோவுக்கு மேலேயே ஸ்டீம் செலவாகும். கஞ்சியில் நனைந்து வரும் நூலை ரோலரால் பிழிவது அதோடு ஒப்பிட்டால் காசே இல்லை.

100 கிலோ நூல் 110 கிலோ கஞ்சியைத் தூக்கி வருகிறது, கஞ்சியில் திடப்பொருள் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நூலில் ஏறுவது 11 கிலோ, காய வைக்க வேண்டிய தண்ணீர் 99 கிலோ. பிழிவைக் கூட்டி 90 கிலோவாக்கி, கஞ்சியை 12.2 சதவீதத்துக்குக் கெட்டிப்படுத்தினால் அதே 11 கிலோ ஏறும். தண்ணீரோ 79 கிலோதான். சிலிண்டரைத் தொடாமலே வேலை ஐந்தில் ஒன்று குறைந்துவிட்டது. கெட்டியானாலும் கொழகொழக்காத ஸ்டார்ச் இதற்கு வேண்டும். சாதாரண மாவில் முயன்றால் கஞ்சி நூலுக்குள் இறங்காது.

ரோலர் அகலம் முழுக்க ஒரே மாதிரி அழுத்துகிறதா என்று பார்க்க, மெஷின் நிற்கும்போது வெள்ளைத் தாளுக்கு மேல் கார்பன் தாளை வைத்து, ரோலரை இறக்கி எடுங்கள். கோடு ஓரங்களில் தடித்து நடுவில் மெலிந்திருந்தால் ரோலரைக் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும். பாவு நடுவில் மட்டும் ஈரமாக வருவதற்குச் சிலிண்டரைத் திட்டிப் பயனில்லை.

படி 5: தேவைக்கு மேல் காய வைக்காதீர்கள்

பருத்தி இயல்பாகவே 8.5 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும். 3 சதவீதம் வரை காய வைத்தாலும் காற்றிலிருந்து மறுபடி இழுத்துக்கொள்ளும். அதற்குச் செலவான ஸ்டீம் வீண். நூலும் விறைத்து இழுவிசையைத் தாங்காமல் தறியில் அறும். பாவைப் பிரிக்கும் கம்பிகளுக்கு அடியில் கஞ்சித் தூள் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தால் முறுகக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரமானி இல்லாத சைசிங்கானால் முதல் செலவாக அதை வாங்குங்கள்.

படி 6: சில்லறை வேலைகள்

சிலிண்டரின் இரண்டு பக்க மூடிகளும் பாவைத் தொடுவதில்லை, ஷெட்டைத்தான் சூடாக்குகின்றன. ஒரு சிலிண்டரில் இப்படிப் போவது தோராயமாக ஒரு கிலோவாட். சூடு தாங்கும் இன்சுலேஷன் போட்டு மேலே மெல்லிய தகடு அடித்துவிடலாம். வெளியே வரும் கண்டென்சேட்டைச் சாக்கடையில் விடாமல் பாய்லர் ஃபீட் டேங்குக்குக் கொண்டுபோங்கள். ஃபீட் தண்ணீரின் சூடு 6 டிகிரி ஏறினால் எரிபொருளில் ஏறக்குறைய ஒரு சதவீதம் மிச்சம். டெஃப்லான் பூசிய முதல் சிலிண்டர்களில் கஞ்சி ஒட்டினால் கத்தி வைத்துச் சுரண்டாதீர்கள், வெந்நீரில் நனைத்த துணி போதும்.

இவ்வளவும் முடிந்தபின் ஸ்டீம் வால்வுக்கு வாருங்கள், ஆனால் குறைப்பதற்கு. கால் கிலோ இறக்கி, அரை மணி நேரம் ஓட்டி, ஈரமானியைப் பாருங்கள். 8 சதவீதத்தை ஒட்டி நின்றால் இன்னொரு கால் கிலோ இறக்கலாம். பள்ளிபாளையத்து சைசிங்கில் சைபனை மாற்றி, மூன்று சிலிண்டருக்குப் பொதுவாக இருந்த ட்ராப்பைப் பிரித்துப் போட்டதும், 3 கிலோவில் காயாத அதே பாவு ஒன்றே முக்கால் கிலோவில் காய்ந்து வந்தது.