பாட்டிலுக்குள் ஒரு மேகம், மாவுத் தட்டில் ஒரு மழை

மேகம் எதனால் ஆனது என்று கேட்டால் பலரும் "நீராவி" என்றுதான் சொல்வார்கள். ஆனால் நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாக மிதப்பது அந்த நீராவி குளிர்ந்து மாறிய நுண்ணிய நீர்த்துளிகள். மிக உயரத்தில் என்றால் பனிப் படிகங்கள். இந்த மாற்றம் நடக்க ஈரமும் குளிர்ச்சியும் மட்டும் போதாது. மூன்றாவதாக ஒன்று வேண்டும். அது என்னவென்று உங்கள் கையாலேயே செய்து பார்த்துவிடலாம்.

தேவையானவை: மூடியுள்ள இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் (நிறமில்லாதது, அமுக்கினால் நசுங்குவது), கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர், தீப்பெட்டி, ஒரு கறுப்புத் துணி, டார்ச். கண்ணாடி பாட்டில் வேண்டாம். தீக்குச்சியைப் பெரியவர்கள் பற்றவைக்கட்டும்.

படி 1. இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். ஒரு நிமிடம் அப்படியே வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று தன்னால் முடிந்த அளவு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும்.

படி 2. பாட்டிலுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். இரண்டு கைகளாலும் பாட்டிலை இறுக்கி அமுக்கி, ஐந்து விநாடி கழித்துச் சட்டென்று விடுங்கள். ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. "அதான் ஒன்றும் வரவில்லையே" என்று இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். அடுத்து வரப்போவதன் அருமை இதைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

படி 3. மூடியைத் திறங்கள். தீக்குச்சியைக் கொளுத்தி, ஊதி அணைத்து, புகையும் முனையைப் பாட்டில் வாயருகே பிடியுங்கள். பாட்டிலை லேசாக அமுக்கி விட்டால் புகையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு இழுப்பு போதும். முதல் முறை நான் மூன்று குச்சிப் புகையை விட்டுவிட்டேன்; உள்ளே இருப்பது புகையா மேகமா என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. உடனே மூடியை இறுக்கிவிடுங்கள்.

படி 4. மறுபடியும் அமுக்குங்கள், சட்டென்று விடுங்கள். வெண்மேகம்! அமுக்கினால் மறையும், விட்டால் மீண்டும் திரளும். மங்கலாக இருந்தால் மூடி வழியே காற்று கசிகிறதா, போதுமான அளவு அழுத்துகிறீர்களா என்று பாருங்கள்.

என்ன நடந்தது? அமுக்கும்போது உள்ளே காற்று சற்றுச் சூடாகிறது. விட்டதும் விரிந்து குளிர்கிறது. வானத்திலும் இதே கதைதான். மேலே போகப் போக அழுத்தம் குறைவதால், எழும்பும் காற்று விரிந்து, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. ஈரத்தைத் தாங்க முடியாத உயரம் வந்ததும் துளிகள் பிறக்கின்றன. பஞ்சுப்பொதி போன்ற திரள் மேகங்களின் அடிப்பகுதி தட்டையாக இருக்கிறதே, அதுதான் அந்த உயரம்.

புகையின் வேலை இன்னும் முக்கியமானது. நீராவி மூலக்கூறுகள் தாமாகவே கூடினால் அந்தக் குட்டித் துளி உடனே ஆவியாகிவிடும். ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன் 1880-ஆம் ஆண்டுவாக்கில் இரண்டு கலன்களில் நீராவியைச் செலுத்திப் பார்த்தார். சாதாரணக் காற்று இருந்ததில் மூடுபனி நிறைந்தது. பஞ்சில் வடிகட்டிய காற்று இருந்தது தெளிவாகவே நின்றது. நீங்கள் இரண்டாம் படியிலும் நான்காம் படியிலும் செய்தது கிட்டத்தட்ட அதையேதான். வானத்தில் கடல் உப்பு, தூசி, புகை எல்லாம் நீராவி ஒட்டிக்கொள்ளும் இந்தத் துகள்களாகின்றன.

படி 5. மழையை அளப்போம். மேகத்துளியின் விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர். அது விழும் வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். மேலெழும் காற்று சுலபமாகத் தாங்கிவிடும். 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக இப்படிப் பத்து லட்சம் துளிகளின் நீர் வேண்டும். வெப்பமான மேகங்களில் துளிகள் மோதி ஒன்று சேர்கின்றன. குளிர்ந்த மேகங்களில் பனிப் படிகங்கள் பக்கத்திலுள்ள துளிகளின் ஈரத்தை உறிஞ்சிப் பெருத்து, கீழே வரும் வழியில் உருகி மழையாகின்றன.

ஒரு தட்டில் சலித்த மாவை இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி மூடிக்கொள்ளுங்கள். மழையில் சில விநாடி மட்டும் திறந்து காட்டிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். நன்றாகக் காய்ந்தபின் சலித்தால், ஒவ்வொரு துளிக்கும் ஒரு மாவுருண்டை கிடைக்கும். அதை அளவுகோலில் வைத்தால் துளியின் அளவு ஏறக்குறையத் தெரிந்துவிடும். பனித்துகள்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற வில்சன் பென்ட்லி மழைத்துளிகளை அளந்ததும் இந்த வழியில்தான்.

மழை தொடங்கும்போது ஒரு தட்டு, பத்து நிமிடம் கழித்து ஒரு தட்டு என இரண்டு எடுத்து வையுங்கள். பெரிய துளிகள் வேகமாக இறங்குவதால், முதல் தட்டில்தான் பெரும்பாலும் பெரிய உருண்டைகள் இருக்கும். அதிலும் 6 மில்லிமீட்டரைத் தாண்டியது கிடைப்பது அரிது. அதற்குமேல் பெருத்த துளியைக் காற்றே உடைத்துவிடும்.