ரெட் நாட்: கூட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ரெட் நாட் என்னும் கரைப்பறவையை 'ஆர்க்டிக் பறவை' என்று சொல்லி, அதன் வாழிடத்தையும் ஆர்க்டிக்கோடு முடித்துவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. இதன் ரூஃபா துணையினம் கனடாவின் தூந்திராவில் முட்டையிடுகிறது. ஆனால் அங்கே தங்குவது கோடையின் சில வாரங்கள்தான். மற்ற நாட்களெல்லாம் பயணத்திலும், தென் அமெரிக்காவின் தென்கோடியான டியெரா டெல் ஃபுவேகோ வரையுள்ள கடலோரங்களிலும் கழிகின்றன.

இந்தப் பறவையின் தலையெழுத்து பெரும்பாலும் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில், மே மாதத்தில் தீர்மானமாகிறது என்பேன். மெலிந்துபோய் வந்திறங்கும் பறவை, குதிரைலாட நண்டின் முட்டைகளைத் தின்று இரண்டே வாரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு எடை கூடுகிறது. 'நண்டுகள்தான் இருக்கின்றனவே, பிறகென்ன கவலை?' என்று கேட்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். நண்டு முட்டைகளை மணலுக்குள் ஆழமாகப் புதைக்கிறது. பறவையின் அலகுக்கு அவை எட்டாது. அடுத்தடுத்து வரும் நண்டுகள் அதே மணலைக் கிளறும்போதும் அலை அரிக்கும்போதும்தான் முட்டைகள் மேலே வருகின்றன. ஆகவே நண்டு இருந்தால் மட்டும் போதாது, நெருக்கியடித்துக்கொண்டு கரையேற வேண்டும். 1990-களில் மீன்பிடி இரைக்காக நண்டுகளை அள்ளியதால் அந்த நெருக்கம் குலைந்தது. விரிகுடாவை ஒட்டிய நியூஜெர்சி மாநிலம் 2008-ல் நண்டு பிடிக்கத் தடை விதித்தது. ஆனால் முட்டையிடும் பருவத்தை எட்டவே ஒரு நண்டுக்குப் பத்தாண்டு போல ஆகும். தடை வந்த மறுவருடமே பறவைகள் பெருகும் என்று எதிர்பார்ப்பது தவறு.

கரை நிறையப் பறவைகளைப் பார்த்துவிட்டு 'ஏராளமாக இருக்கின்றன' என்று முடிவு கட்டுவதும் அப்படித்தான். இவை ஒரு சில இடங்களில் மட்டுமே குவிபவை. பார்க்கப் பெருங்கூட்டம், ஆனால் மொத்த ரூஃபாவில் பெரும்பகுதியே அவ்வளவுதான். டியெரா டெல் ஃபுவேகோவில் 1980-களில் 50,000-க்கும் மேல் இருந்தவை 2011-ல் 10,000-க்கும் கீழே போயின. அதே சமயம் ஒரே ஆண்டின் கணக்கை மட்டும் நம்பவும் கூடாது. ஆர்க்டிக்கில் லெம்மிங் எலிகள் குறையும் ஆண்டில் நரிகள் குஞ்சுகள் பக்கம் திரும்புகின்றன. அந்த ஆண்டு இளம்பறவைகள் குறைந்துவிடும்.

துணையினங்கள் ஆறு. 2014-ல் அமெரிக்கா 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்று அறிவித்தது ரூஃபாவை மட்டுமே. அதை எல்லா ரெட் நாட்டுக்கும் பொருத்தி எழுதாதீர்கள்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: படத்துக்காக நெருங்கிக் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். 'கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடுமே' என்பார்கள், வரும்தான். ஆனால் ஒவ்வொரு முறை பறக்கும்போதும், ஆர்க்டிக் போய்ச் சேரச் சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது.