புரோப் ஓடவில்லையா? முதலில் குமிழியைத் தேடுங்கள்

மைக்ரோடயாலிசிஸ் என்பது, நுனியில் மென்சவ்வு உள்ள புரோப் என்ற மெல்லிய குழாயை மூளைக்குள் இறக்கி, அதன் வழியே திரவத்தை ஓட்டி, சவ்வு வழியே வரும் பொருட்களைச் சேகரிக்கும் முறை. அதில் திரவம் வராவிட்டால் உடனே புரோப்பைத் தூக்கி வீசாதீர்கள், அது மலிவான சாமான் இல்லை. திருகோணமலை வெக்கையில் பாதி நேரம் குற்றவாளி காற்றுக் குமிழிதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த செயற்கை மூளைத் தண்டுவடத் திரவத்தைக் குளிரோடு ஊசிக்குழலில் ஏற்றினால், சூடேறும்போது அதில் கரைந்திருந்த காற்று பிரிந்து குழாய்க்குள் நிற்கும். அறைச் சூட்டுக்கு வரவிட்டு, காற்றை நீக்கி, வடிகட்டி ஏற்றுங்கள்.

சரி, குமிழி இல்லை. அப்புறம் அளவு பாருங்கள்: நிமிடத்துக்கு 2 மைக்ரோலீற்றர் ஓடினால் 20 நிமிடத்தில் 40 சேர வேண்டும், தராசில் ஏறக்குறைய 40 மில்லிகிராம். குறைந்தால் எங்கோ கசிவு. மூளைக்குள் இறக்குமுன் நுனியைக் காற்றில் பிடித்துப் பாருங்கள், மென்சவ்வில் துளி திரண்டு தொங்கினால் திரவம் வெளியேறும் குழாயைக் கழற்றுங்கள். துளி நின்றால் அடைப்பு அந்தக் குழாயில், நிற்காவிட்டால் சவ்வு கிழிந்திருக்கலாம், கிழிந்திருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது.

அடைப்பை எடுக்கிறேன் என்று கையால் அழுத்தித் தள்ளாதீர்கள், நான் அப்படித்தான் ஒன்றைக் கிழித்தேன். நனைந்த சவ்வைக் காயவும் விடாதீர்கள்.