முதலில் சிக்னல், அப்புறம் போன்: புது மொபைல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது போன் வாங்கலாம் என்று முடிவானதும் பெரும்பாலானவர்கள் போனில்தான் தொடங்குகிறார்கள். இரண்டு மூன்று மாடல்களை எடுத்து வைத்துக்கொண்டு, கேமரா எத்தனை மெகாபிக்சல், ரேம் எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும் என்று வாரக்கணக்கில் ஒப்பிடுவார்கள். எந்த நெட்வொர்க் என்ற கேள்வி கடைசி அரை மணி நேரத்தில் வரும். அதற்கும் கடைக்காரர் சொல்வதுதான் பதில்.

இந்த வரிசையே தலைகீழ். வீட்டுக்குள் வந்தால் பேச்சு அறுந்துபோகிற போனில் 200 மெகாபிக்சல் இருந்து என்ன பயன்? முதலில் நெட்வொர்க், அடுத்து பிளான், கடைசியாகத்தான் போன். இப்படிப் போனால் தேர்வுப் பட்டியலும் தானாகவே சுருங்கிவிடும்.

கவரேஜ் வரைபடத்தை நம்புவது

நிறுவனங்கள் காட்டும் கவரேஜ் வரைபடம் பெரும்பாலும் கணினி போட்டுத் தந்த கணிப்பு. டவர் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம், இடையில் மேடு பள்ளம் எப்படி என்பதை வைத்து, திறந்த வெளியில் நிற்பவருக்குச் சிக்னல் எட்டுமா என்று அது மதிப்பிடுகிறது. நீங்கள் படுக்கும் அறை அந்தக் கணக்கில் இல்லை. கான்கிரீட் சுவர், தகரக் கூரை, வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு போட்ட ஜன்னல் கண்ணாடி எல்லாமே சிக்னலைக் குறைக்கும்.

எவ்வளவு குறைக்கும் என்பது அலைவரிசையைப் பொறுத்தது. 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் போகும், சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அவற்றில் கிடைக்கும் வேகம் குறைவு. பல நாடுகளில் 5ஜிக்குப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய நடு அலைவரிசையில் நல்ல வேகம் கிடைக்கும், தூரம் குறையும். 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள மில்லிமீட்டர் அலைகளோ அசுர வேகம், ஆனால் ஒரு சுவர் குறுக்கே வந்தாலே படுத்துவிடும். இந்த மூன்றுக்கும் திரையின் மேல்மூலையில் வருவது பெரும்பாலும் ஒரே ‘5ஜி’தான். அதனால் "உங்கள் பகுதியில் 5ஜி உண்டு" என்ற விளம்பர வரி உங்களுக்கு எதையும் உறுதி செய்வதில்லை.

அந்தச் சிக்னல் கோடுகளையும் நம்ப வேண்டாம். எவ்வளவு வலுவுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொதுவான விதி கிடையாது, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு போனில் மூன்று கோடு, பக்கத்துப் போனில் இரண்டு என்றால் முதலாவதுதான் நன்றாக இழுக்கிறது என்று அர்த்தமில்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில், அமைப்புகளுக்குள் சிம் நிலவரம் காட்டும் பக்கத்தில் சிக்னலின் வலு டிபிஎம் என்ற அளவில் இருக்கும். அது எப்போதும் மைனஸில்தான் வரும். 4ஜியில் −90 அல்லது பூஜ்யத்துக்கு இன்னும் நெருக்கமாக இருந்தால் நல்லது. −110ஐத் தாண்டி −115, −120 என்று போனால் பேச்சு தடுமாறும், பேட்டரியும் சீக்கிரம் கரையும். காரணம், டவரை எட்டிப் பிடிக்க போன் கூடுதல் சக்தியில் ஒலிபரப்ப வேண்டியிருக்கும். "இந்த போனில் சார்ஜே நிற்பதில்லை" என்ற புகாரில் சில நேரம் குற்றவாளி பேட்டரி இல்லை, சிக்னல்தான்.

சோதிக்க நல்ல வழி, யோசிக்கும் நிறுவனத்தின் மலிவான பிரீபெய்ட் சிம் ஒன்றை வாங்கி, இப்போதைய போனிலேயே கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்பது. இசிம் (அட்டை செருகாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) வசதியுள்ள போன் என்றால், சில நிறுவனங்கள் தரும் இலவச சோதனை இணைப்பைக் கடைக்குப் போகாமலேயே ஏற்றிக்கொள்ளலாம். சமையலறை, படுக்கையறை, அலுவலகம், தினமும் போகும் ரயில், நிலத்தடி வாகன நிறுத்துமிடம் என்று நீங்கள் உண்மையில் இருக்கும் இடங்களில் பாருங்கள். எல்லோரும் வீடு திரும்பி வீடியோ பார்க்கும் மாலை நேரத்திலும் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எடுத்த வேகச் சோதனை எல்லா நெட்வொர்க்கையும் நல்ல பிள்ளையாகத்தான் காட்டும். அப்புறம், வேகத்தை மட்டும் அளக்காமல் யாரையாவது அழைத்துப் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். வீட்டுக்குள் எந்த நிறுவனமும் சரியில்லை என்றால், வைஃபை வழியாக அழைக்கும் வசதியைத் தருகிற நிறுவனத்தைத் தேடுங்கள். வேகத்தைவிட அதுதான் அப்போது முக்கியம்.

போன் அந்த நெட்வொர்க்கோடு ஒத்துப்போகுமா என்று பார்க்காதது

ஒரே பெயரில் விற்கும் போன் எல்லா நாட்டிலும் ஒரே போன் இல்லை. விற்பனைப் பெயருக்குப் பின்னால் ஒரு மாடல் எண் இருக்கும், அது பகுதிக்குப் பகுதி மாறும், அதோடு போன் ஏற்கும் பேண்டுகளும், அதாவது அலைவரிசைகளும், மாறும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் போனிலும், இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் இறக்குமதி போனிலும் சிக்கல் இங்கேதான் வரும். உங்கள் நிறுவனம் ஊர்ப்புறங்களுக்கு நம்பியிருக்கும் தாழ்ந்த பேண்டு அதில் இல்லையென்றால், நகரத்துக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், எல்லையைத் தாண்டியதும் மௌனமாகிவிடும். மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பேண்டு பட்டியலை எடுத்து, நிறுவனம் பயன்படுத்தும் பேண்டுகளோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும்.

பேண்டு பொருந்தினாலும் வேலை முடியவில்லை. 4ஜி அடிப்படையில் டேட்டாவுக்கான நெட்வொர்க். அதில் பேச, குரலையும் 4ஜி வழியாகவே அனுப்பும் வோல்ட்இ வசதி வேண்டும். அது இல்லாத இடத்தில் போன், பேசுவதற்காக 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிவிடும். அந்தப் பழைய நெட்வொர்க்குகளைத்தான் இப்போது ஒவ்வொன்றாக மூடிவருகிறார்கள். அமெரிக்காவில் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022இல் 3ஜியை நிறுத்தின. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் கடைசி 3ஜி சேவைகள் நின்றபோது, 4ஜி வழியாக அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கிலிருந்தே தடுக்க வேண்டும் என்று விதி வந்தது. 4ஜி டேட்டா நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன்களும் அதில் அடிபட்டன. வோல்ட்இ வசதி இருப்பதோடு, உங்கள் நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்றும் பாருங்கள். போனில் வசதி இருந்தும் நிறுவனம் திறந்துவிடாத மாடல்கள் உண்டு.

சிம் செருகும் இடமே இல்லாத போன்களும் வந்துவிட்டன. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இல் (2022) இசிம் மட்டும்தான். உங்கள் நிறுவனம் இசிம் தராவிட்டால் அப்படிப்பட்ட போன் வெறும் வைஃபை கருவி.

பிளானின் முதல் வரியை மட்டும் படிப்பது

‘அன்லிமிடெட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் பக்கத்தில் பொடியாக ஒரு நட்சத்திரக் குறியும் இருக்கும். குறிப்பிட்ட அளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைப்போம் என்பதுதான் அந்த நட்சத்திரத்தின் பொருள். எவ்வளவுக்குக் குறைப்பார்கள் என்று தேடிப் படியுங்கள். 64 கேபிபிஎஸ் என்றால் 1 எம்பி படம் ஒன்று இறங்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதை இணையம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு, வீடியோவைக் குறைந்த தரத்தில்தான் காட்டுவோம் என்ற கட்டுப்பாடு, இவையும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மாதப் பிளான் என்று நினைத்து எடுப்பது சில நேரம் 28 நாள் பிளானாக இருக்கும். ஆண்டுக்கு 12 அல்ல, 13 முறை கட்ட வேண்டும். இரண்டு பிளான்களை ஒப்பிடும்போது ஆண்டு மொத்தமாக மாற்றிப் பார்த்தால் மலிவு எது என்று தெரியும்.

தேவைக்கு மேல் டேட்டா வாங்குவதும் வழக்கமான வீண்செலவு. போன் அமைப்புகளில் கடந்த மாதம் மொபைல் டேட்டா எவ்வளவு போனது என்று பாருங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபை உள்ள பலருக்கு அந்த எண் வியப்பாகவே இருக்கும், அவ்வளவு குறைவு.

சொந்த டவர் இல்லாமல் பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க்கை மொத்தமாக வாங்கி விற்கும் சிறு நிறுவனங்கள் பல நாடுகளில் உள்ளன. விலை நன்றாகவே இருக்கும். நெரிசல் நேரத்தில் மட்டும் அவர்களின் வாடிக்கையாளர்கள் பின்வரிசைக்குத் தள்ளப்படலாம். வாழ்நாளில் பாதி கூட்டத்தில் கழிக்கிறவர் இல்லையென்றால் தயங்காமல் எடுக்கலாம் என்பேன்.

‘இலவசப் போன்’ ஒப்பந்தங்களில் இலவசம் எதுவுமில்லை. மாதத் தொகையை ஒப்பந்த மாதங்களால் பெருக்குங்கள், முன்பணத்தைக் கூட்டுங்கள். அதே டேட்டாவைத் தரும் சாதாரணப் பிளானையும் தனியாக வாங்கும் போனின் விலையையும் கூட்டி, பக்கத்தில் வையுங்கள். சில நேரம் ஒப்பந்தம் உண்மையிலேயே மலிவாக வரும், அதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் போன் அந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருக்கிறதா, பூட்டை எப்போது திறப்பார்கள், நடுவில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்ற மூன்றும் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெட்டியில் பெரிதாக இருப்பதைப் பார்த்து போனைத் தேர்வது

இப்போது போனுக்கு வருவோம். மெகாபிக்சல் எண் கேமராவின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. 108 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக ஒன்பது பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. 50 மெகாபிக்சல் கேமராவும் நான்கைச் சேர்த்து அதே அளவுக்கு வந்து நிற்கிறது. சென்சார் எவ்வளவு பெரியது, மங்கலான வெளிச்சத்தில் அசையும் குழந்தையை எடுத்தால் முகம் தெளிவாக வருகிறதா என்பவைதான் கேட்க வேண்டியவை. பின்புறம் இரண்டு கேமரா உள்ள போனைவிட நான்கு உள்ளது மேல் என்பதும் இல்லை. விலை குறைந்த போன்களில் அந்த நான்கில் இரண்டு, 2 மெகாபிக்சல் அலங்காரம்.

‘8 + 8 ஜிபி ரேம்’ என்று போட்டிருந்தால் அந்த இரண்டாவது 8 ரேமே அல்ல, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. ரேமின் வேகத்தில் அது ஓடாது. ஸ்டோரேஜிலும் ஜிபி அளவோடு வகையையும் பாருங்கள். இஎம்எம்சி என்ற வேகம் குறைந்த வகை என்றால் போன் சீக்கிரமே மந்தமாக ஆரம்பிக்கும், அதைவிட வேகமான யுஎஃப்எஸ் இருப்பதைத் தேடுங்கள். தூசியையும் தண்ணீரையும் தாங்கும் தரத்தைச் சொல்லும் ஐபி68 என்றால் நன்னீரில் சோதித்தது என்று பொருள். கடல்நீருக்கும் சோப்பு நீருக்கும் அது பொருந்தாது, தண்ணீர் புகுந்த போனுக்கு வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது.

பெட்டியில் பெரும்பாலும் எழுதாத ஒன்றுதான் போனின் ஆயுளைத் தீர்மானிக்கிறது: எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் வரும் என்பது. கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும் சாம்சங் 2024இல் எஸ்24 வரிசைக்கும் 7 ஆண்டுகள் என்று அறிவித்தன. மலிவு மாடல்கள் பலவற்றில் இதில் பாதிகூட வராது. இங்கே பலரும் செய்யும் தவறு, ஆண்டுகளைத் தாங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவது. கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. தள்ளுபடியில் கிடைக்கும் மூன்றாண்டு பழைய போனுக்கு ஏற்கெனவே மூன்று ஆண்டு கழிந்துவிட்டது. அப்டேட் நின்ற போன் உடனே செத்துவிடாது, ஆனால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. ஒரு கட்டத்தில் வங்கிச் செயலிகளும் பழைய பதிப்பில் ஓட மறுக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு ஒரு லேபிள் கட்டாயம். பேட்டரி எத்தனை சார்ஜ் சுற்று தாங்கும், கீழே விழுந்தால் எவ்வளவு தாக்குப்பிடிக்கும், பழுது பார்ப்பது எளிதா என்பதெல்லாம் அதில் இருக்கும். அங்கே வாழாதவர்களும் அதைத் தேடிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

பழைய போன் வாங்குகிறீர்களா? *#06# அடித்து, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐயை எடுத்து, திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னவரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு இன்னும் உள்ளே இருந்தால், அவர் உங்கள் கண்முன் வெளியேறும் வரை பணம் தராதீர்கள்.

மாறும் நாளில் அவசரப்படுவது

நம்பரை வைத்துக்கொண்டு நிறுவனம் மாற நினைப்பவர்கள் பழைய இணைப்பை முதலில் ரத்து செய்துவிடக் கூடாது. ரத்தானால் நம்பரே கைநழுவிப் போகலாம். புது நிறுவனத்திடம்தான் மாற்றக் கோரிக்கை வைக்க வேண்டும், நம்பர் அங்கே போனதும் பழைய இணைப்பு வழக்கமாகத் தானாக முடிந்துவிடும். அந்த இடைவெளியில் சில மணி நேரம் ஓடிபி வராமல் போகலாம், எனவே பணப் பரிமாற்றம் உள்ள நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய போனை விற்கவோ அழிக்கவோ ஒரு வாரமாவது பொறுங்கள். படங்களும் தொடர்புகளும் எளிதாக மாறிவிடும். மாட்டிக்கொள்வது வங்கிச் செயலியும், உள்நுழைவுக் குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியும், வாட்ஸ்அப் உரையாடல்களும்தான். ஒவ்வொன்றையும் புது போனில் திறந்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். கடையின் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் புது போனின் இரண்டு சிம்மையும், மைக், ஸ்பீக்கர், ஜிபிஎஸ், காதில் வைத்ததும் திரை அணைவது ஆகியவற்றையும் சோதித்துவிடுங்கள். அதுவரை பெட்டியும் பில்லும் பத்திரம்.