ரூட் சுவிட்ச் எது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்

நாகர்கோவிலில் ஒரு மூன்று மாடி அலுவலகம். ஒரு நாள் நெட்வொர்க் அப்படியே படுத்துவிட்டது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளின் விளக்குகள் எல்லாம் வெறி பிடித்தது போல மின்னின. தரையில் கிடந்த கேபிளின் மறுமுனையை யாரோ அக்கறையாக அதே சுவிட்சில் செருகியிருந்தார்கள். லூப்! தரவு ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைத் தடுக்கத்தான் சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீ என்ற வசதி உண்டு. அதை அணைத்து வைத்திருந்தது நான்தான், யாரைக் குறை சொல்ல?

அதை ஆன் செய்தால் மட்டும் போதாது. அது ஒரு சுவிட்சை ரூட்டாக, அதாவது மற்றவை தங்கள் பாதையைக் கணக்கிடும் மையமாகத் தேர்ந்தெடுக்கும். பிரியாரிட்டி எண் குறைவாக உள்ளதற்கே அந்தப் பதவி. பொதுவாக எல்லா சுவிட்சிலும் பிரியாரிட்டி 32768 என்றே இருக்கும். அப்போது மேக் முகவரி (சாதனத்தின் அடையாள எண்) சிறியதாக உள்ளதுதான் ரூட் ஆகும். மூலையில் கிடக்கும் பழைய சுவிட்சுக்குக்கூட அந்தப் பதவி போய்விடலாம். அதனால் மையச் சுவிட்சுக்கு 4096, அதற்கு மாற்றாக நிற்பதற்கு 8192 என்று கொடுத்துவிடுங்கள். 4096-இன் மடங்குகளைத்தான் ஏற்கும்.

முடிந்தால் ஸ்பானிங் ட்ரீயில் வேகமாக மீளும் ரேபிட் வகையே வையுங்கள். பழைய வகையில் இணைப்பு அறுந்தால் மீள 30 முதல் 50 வினாடி ஆகும். இரண்டு பருவமழையும் நனைக்கும் நம் குமரி மாவட்டத்தில், கரண்ட் போய்வரும்போதெல்லாம் அது எரிச்சல்.

கணினி, பிரிண்டர் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (போர்ட்டைக் காத்திருக்க வைக்காமல் உடனே இயக்குவது), பிபிடியு கார்டு (வேறு சுவிட்சின் ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடுவது) இரண்டும் போடுங்கள். யாராவது அங்கே சுவிட்சை மாட்டினால் போர்ட் தானே மூடிக்கொள்ளும்.

அப்புறம், சிஸ்கோ சுவிட்சில் அவ்வப்போது ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீட்டெயில்’ அடித்துப் பாருங்கள். டோப்பாலஜி (இணைப்புகளின் அமைப்பு) எத்தனை முறை மாறியது, கடைசியாக எப்போது, எந்தப் போர்ட் வழியாக என்று காட்டும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தால் அந்தப் போர்ட்டின் கேபிளைத் தொடர்ந்து போங்கள். எங்களுக்கு எலி கடித்திருந்தது.